சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து மலேசியாவின் ஈப்போவுக்கு: ஓட்டுநரோடு வண்டி எடுக்கும் முன் நான் கேட்கும் கேள்விகள்

விடியற்காலை நாலரை மணி இருக்கும். சிரம்பானுக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வண்டி மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கியது. ஓரக் கோட்டில் இருக்கும் சிறு மேடுகளில் சக்கரம் பட்டு ‘டர்ர்ர்’ என்று வண்டி முழுக்க அதிர்ந்தது. முன் இருக்கையில் இருந்த என் கணவர் “தம்பி!” என்று கத்தினார். ஓட்டுநர் திடுக்கிட்டு வண்டியை நேராக்கினார். “ஒண்ணும் இல்லண்ணே, ஒண்ணும் இல்ல” என்றார். அவர் தூங்கிவிட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. பின்னால் என் அம்மா, தங்கை, தங்கை கணவர், அவர்களுடைய ஐந்து வயது மகன். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அது 2024 ஜூன் பள்ளி விடுமுறை. ஈப்போவில் பெரியம்மா பேத்திக்குக் கல்யாணம். அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. பேருந்தில் போனால் எல்லைச் சோதனைக்காகச் சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸிலும் இறங்க வேண்டும், மலேசியப் பக்கம் ஜோகூர் பாருவிலும் பெட்டியோடு இறங்கி ஏற வேண்டும். அவரால் முடியாது. விமானத்தில் போகலாம் என்றால் சீர்த்தட்டுகளும் குத்துவிளக்கும் இருந்தன. அம்மாவுக்கு இன்னொரு ஆசையும் உண்டு. அவர் ஈப்போவில் பிறந்து சிங்கப்பூருக்கு வாழ வந்தவர். போகிற வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, இது ரப்பர் தோட்டமாக இருந்தது, இப்போது செம்பனை ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். அதற்குக் கார்தான் சரி.

தெரிந்தவர் ஒருவர் எண் கொடுத்தார். ஏழு இருக்கை வண்டி, போக வர 950 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மற்றவர்கள் கேட்டதைவிட நல்ல குறைவு. வாட்ஸ்அப்பில் நாள், நேரம், முகவரி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்குக் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும் என்று அவர்தான் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். ஆனால் பள்ளி விடுமுறையின் வெள்ளி இரவில் பாதி சிங்கப்பூர், ஜோகூர் பாருவுக்குப் போகும் காஸ்வே பாலத்தில்தான் நிற்கும். ஒரு கிலோமீட்டர் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போவதற்குள் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அந்த வரிசையில் நின்றபோதுதான் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, “அக்கா, ஆபீசர் கேட்டா நான் உங்க சித்தப்பா மகன்னு சொல்லிடுங்க” என்றார். எனக்குப் புரிவதற்கே கொஞ்ச நேரம் ஆனது. அது வாடகை வண்டி இல்லை, யாரோ ஒருவருடைய சொந்த வண்டி. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற அதற்கு உரிமம் கிடையாது. அம்மா, “கல்யாணத்துக்குப் போற வழியில பொய் சொல்லச் சொல்றாரே” என்று மெல்லிய குரலில் சொன்னார். யாரும் கேட்கவில்லை, நாங்களும் பொய் சொல்ல நேரவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை பயணம் முழுக்க எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்த பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றும் வண்டிக்குப் பொதுச் சேவை வாகன உரிமம் வேண்டும். அது இல்லாமல் ஓட்டுபவருக்கு 3,000 வெள்ளி வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வண்டியும் பறிபோகலாம். எல்லை தாண்டிப் போகும் இப்படிப்பட்ட வண்டிகளை நிலப் போக்குவரத்து ஆணையம் தொடர்ந்து பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பிடிபட்டால் ஓட்டுநருக்குத்தானே தண்டனை என்று நினைக்கலாம். அந்த நேரத்தில் எழுபத்தாறு வயது அம்மாவோடும் ஆறு பெட்டிகளோடும் நடுவழியில் நிற்கப்போவது நாம்தான். அதைவிடப் பெரிய விஷயம் காப்புறுதி. சொந்தப் பயன்பாட்டுக்கு என்று எடுத்த காப்புறுதி, வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் நமக்குக் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. சிரம்பான் பக்கம் அந்தச் சக்கரம் இன்னும் இரண்டடி தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகத்துக்கு வரும்.

சரி, அன்றைய கதைக்கு வருகிறேன். சிரம்பான் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். காப்பி வாங்கிக் கொடுத்து என் கணவர் பக்குவமாகப் பேச்சுக் கொடுத்தார். அந்தத் தம்பி முந்தைய இரவு கெந்திங் போய்வந்திருக்கிறார். பகலில் சாங்கி விமான நிலையத்துக்கு இரண்டு சவாரி. இடையில் மூன்று மணி நேரம் படுத்திருக்கிறார், அதுவும் வண்டியில். அவர் மேல் எனக்கு வந்த கோபம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். சவாரியை வேண்டாம் என்றால் அடுத்த முறை அவரைக் கூப்பிட மாட்டார்கள். ஒன்றரை மணி நேரம் அவரைத் தூங்கவிட்டுவிட்டு நாங்கள் பலகையில் உட்கார்ந்திருந்தோம். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் அவசரம் இல்லை. அன்றே முகூர்த்தம் என்றால் அப்படி உட்கார்ந்திருப்போமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஈப்போவில் இன்னொன்றும் நடந்தது. சனிக்கிழமை இரவு மண்டபத்துக் கார்பார்க்கில் வண்டிக்குள் அவர் சுருண்டு படுத்திருப்பதைப் பெரியப்பா பார்த்துவிட்டு, “ஏம்மா, உங்களைக் கூட்டிட்டு வந்த பிள்ளைக்கு ஓர் இடம் பார்க்கலையா?” என்று என்னைக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு அறை போட்டோம், சமையல்காரருக்குப் போட்டோம். எங்கள் உயிரைக் கையில் வைத்து ஓட்டிக்கொண்டு போகப்போகிறவர் எங்கே தூங்குகிறார் என்று யாருமே கேட்கவில்லை.

அதனால் இப்போது எந்த வண்டியைக் கேட்டாலும் என் முதல் கேள்வி ஓட்டுநரைப் பற்றியதுதான். எந்த வண்டி, எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. எங்களுக்கு முந்தைய நாள் அவர் எங்கே ஓட்டுகிறார், எத்தனை மணிக்கு முடிக்கிறார், கிளம்பும் முன் எத்தனை மணி நேரம் தூங்குவார், ஈப்போவில் அவருக்கு அறை யார் போடுவது என்று நேரடியாகவே கேட்கிறேன். சிலர் எரிச்சல்படுவார்கள். “எங்க ஆளுங்க எல்லாம் அனுபவசாலிங்க மேடம்” என்பார்கள். அனுபவம் தூக்கத்தை நிறுத்தாது. கேட்டதற்கு நேராகப் பதில் வரவில்லை என்றால் நான் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவேன்.

இரண்டாவது பயணம் 2025 டிசம்பரில். கல்யாணம் ஆன அதே பெண்ணுக்கு வளைகாப்பு. மார்கழி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று கார்த்திகையில் நாள் பார்த்தார்கள். இந்த முறை ஒரு மாதம் முன்பே தேட ஆரம்பித்தேன். ஐந்து இடத்தில் கேட்டேன். இரண்டு நாட்டு உரிமத்தையும் காட்டச் சொன்னதும் மூன்று பேர் பதிலே போடவில்லை. ஒருவர், “அதெல்லாம் எதுக்கு, நூறு தடவை போயிருக்கோம்” என்றார். கடைசி நிறுவனம் மட்டும் வண்டி எண், உரிமத்தின் படம், பயணிகளுக்கான காப்புறுதி விவரம் எல்லாவற்றையும் கேட்ட அன்றே அனுப்பியது. மூன்று நாளுக்கு 1,650 வெள்ளி. முதல் தடவையைவிட 700 வெள்ளி அதிகம். தங்கை கொஞ்சம் தயங்கினாள். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 275 வெள்ளி என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

இந்த விலையில் என்னென்ன அடக்கம் என்று வரி வரியாக எழுதி வாங்கினேன். டோல், எண்ணெய், சோதனைச் சாவடிக் கட்டணங்கள், ஓட்டுநரின் அறை, சாப்பாடு, ஈப்போவுக்குள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவார், அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, காஸ்வேயில் நெரிசலில் நின்றால் அதற்குத் தனிக் காசு உண்டா என்பதெல்லாம். கடைசிக் கேள்விதான் பலருக்குத் தோன்றாது. நெரிசல் நேரத்தையும் காத்திருப்புக் கணக்கில் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்பணமாக மூன்றில் ஒரு பங்கு மட்டும், அதுவும் நிறுவனத்தின் கணக்குக்கு. முழுப் பணத்தையும் முன்பே யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்கில் போடச் சொன்னால் ஒதுங்கிவிடுவது நல்லது.

கூடவே ஒரு மாற்று வழியையும் சொல்லிவிடுகிறேன், என் நாத்தனார் வீட்டில் அப்படித்தான் போவார்கள். உரிமம் பெற்ற எல்லைதாண்டிய டாக்சிகள் சிங்கப்பூரின் பான் சான் ஸ்திரீட் முனையத்திலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஓடுகின்றன. அங்கே போய், ஏற்கெனவே பேசி வைத்த மலேசிய வண்டியில் ஏறிக்கொள்வார்கள். நான்கு பேர், கைப்பெட்டி என்றால் இது நன்றாக வரும். சீர்த்தட்டோடு வண்டி மாற முடியாது என்பதால் எங்களுக்கு ஒத்துவரவில்லை.

இருக்கைக் கணக்கிலும் நாங்கள் ஒருமுறை ஏமாந்திருக்கிறோம். ஏழு இருக்கை வண்டி என்றால் ஓட்டுநரோடு சேர்த்து ஏழு. கடைசி வரிசையில் ஆள் உட்கார்ந்துவிட்டால் பின்னால் பெட்டி வைக்க ஒரு சாண் இடம்தான் மிஞ்சும். முதல் பயணத்தில் தங்கை இரண்டு தாம்பாளத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். இந்த முறை பெட்டிகள், தட்டுகள் எல்லாவற்றையும் கூடத்தில் அடுக்கிப் படம் எடுத்து அனுப்பினேன். அவர்களே பெரிய வேன்தான் சரி என்றார்கள். ஆனால் வேனின் படி உயரம், அம்மாவால் ஏற முடியாதே என்றேன். ஓட்டுநர் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் முக்காலியோடு வந்து இறங்கினார். மூன்று நாளும் வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் அம்மாவுக்கு முன்னால் அந்த முக்காலி இறங்கிவிடும். வயதானவர்களோடு போகிறவர்கள் படி உயரத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

குழந்தை இருக்கையும் அப்படித்தான். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குத் தகுந்த இருக்கை வேண்டும். சிங்கப்பூரில் டாக்சிக்கு விலக்கு உண்டு, தனியார் வாடகை வண்டிக்குக் கிடையாது. மலேசியாவிலும் 2020 முதல் கார்களுக்கு இது சட்டம். கேட்டால் கொண்டுவருவார்கள். நாங்கள் வீட்டில் இருந்ததையே எடுத்துப் போனோம், பையனுக்கும் பழகிய இருக்கை.

சாவடியில் வண்டியை விட்டு இறங்க வேண்டாம் என்பதுதான் இந்தப் பயணத்தின் பெரிய வசதி. உட்லண்ட்ஸில் குடிநுழைவு ஆணையத்தின் செயலியில் எல்லாருடைய விவரத்தையும் சேர்த்து ஒரே கியூஆர் குறியீடாகச் செய்துகொள்ளலாம், பத்துப் பேர் வரை சேரும். 2024 மார்ச்சில் நிலச் சாவடிகளில் இதைத் தொடங்கினார்கள். முதல் பயணத்தில் எங்களுக்கு இது தெரியாமல், இருட்டில் ஆறு கடவுச்சீட்டையும் தேடித் தடவிக்கொண்டிருந்தோம். கியூஆர் இருக்கிறது என்று கடவுச்சீட்டை வீட்டில் விட்டுவிடாதீர்கள், மலேசியப் பக்கம் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகிறதா என்று ஒரு மாதம் முன்பே பாருங்கள். இரவில் போனால் சாவடியில் உள் விளக்கைப் போட்டு, எல்லா ஜன்னலையும் இறக்கி, தூங்குகிறவர்களை எழுப்பி வைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

இன்னொன்றில் நாங்கள் நன்றாக மாட்டினோம். என் தங்கை கணவர் சிங்கப்பூர் நிரந்தரவாசிதான், ஆனால் கையில் இந்தியக் கடவுச்சீட்டு. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிக்குத் தேவை. போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். முதல் பயணத்தில் முகப்புக்கு நாலு வண்டி முன்னால் இருக்கும்போதுதான் இது ஞாபகம் வந்தது. இணையம் விட்டுவிட்டு வர, கை நடுங்க நிரப்பினார். இந்த முறை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் முன்பே நினைவூட்டல் போட்டுவிட்டேன்.

டிசம்பர் பயணத்துக்கு ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். காலை ஆறு மணிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே வண்டி நின்றது. ஓட்டுநர் ஜோகூர் பாருவை ஒட்டிய ஸ்கூடாய்க்காரர், நாற்பது வயதுக்கு மேல். முந்தைய மாலையே வந்து, நிறுவனம் போட்டுக் கொடுத்த அறையில் தூங்கி எழுந்திருக்கிறார். “வார நாள் காலையில நெரிசல் எல்லாம் சிங்கப்பூருக்குள்ள வர்ற பக்கம்தான்மா. நாம எதிர்ப்பக்கம் போறோம்” என்று அம்மாவிடம் விளக்கினார். அவர் சொன்னபடியே முக்கால் மணி நேரத்தில் இரண்டு சாவடியும் முடிந்தது. கிளம்பும் முன் சாவடிகளின் நேரடிப் படங்களை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் நானும் பார்த்தேன். காஸ்வே நிறைந்திருந்தால் துவாஸில் இருக்கும் இரண்டாவது பாலம் வழியாகப் போகலாம். அந்தச் சாலையும் செனாய் பக்கம் அதே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில்தான் சேர்கிறது.

எட்டு மணிக்கு மாச்சாப் ஓய்விடத்தில் பசியாறினோம். அவரையும் எங்களோடு உட்காரச் சொன்னார் அம்மா. கூச்சப்பட்டார், “சாப்பிடுங்க தம்பி, நீங்க சாப்பிட்டாத்தான் வண்டி ஓடும்” என்றதும் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரமாவது நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசியிருந்தோம். அம்மாவின் முழங்காலுக்கும் அதுதான் தேவை, கழிவறைக்கும் அதுதான் தேவை. அடுத்து ஆயர் குரோ. பிறகு நீலாயில் எலைட் சாலைக்குத் திரும்பி ஷா ஆலம் வழியாக, கோலாலம்பூர் நகருக்குள் நுழையாமலே வடக்கே போய்விட்டார். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எப்படிப்பட்டவருக்கும் கண்ணைச் சொக்கும் என்று அவரே சொல்லி, தாப்பாவில் இருபது நிமிடம் இருக்கையைச் சாய்த்துக் கண்மூடினார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்த இருபது நிமிடத்தில்தான். வழி முழுக்க 110 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே இல்லை. மழை பிடித்தபோது அதிலும் பாதியாகக் குறைத்தார். மூன்றரை மணிக்குப் பெரியம்மா வீட்டு வாசல்.

ஈப்போவில் அவருக்குக் குட்டி இந்தியா பக்கத்தில் அறை. மறுநாள் வளைகாப்பு முடிந்ததும் அம்மாவைக் கல்லுமலை முருகன் கோயிலுக்கும், புந்தோங்கில் கச்சான் பூத்தே (கடலை, பயறு நொறுக்குத்தீனி) வாங்கவும் கூட்டிப் போனார். வண்டியை அனுப்பாமல் கூடவே வைத்துக்கொண்டது இதற்காகத்தான். போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாக எடுத்தாலும் வண்டி காலியாகத் திரும்பும் செலவை நம் தலையில்தான் வைப்பார்கள். மூன்று நாள் வரை என்றால் கூடவே வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. ஒரு வாரம் தங்குவதாக இருந்தால் அனுப்பிவிடலாம்.

திரும்புவது வெள்ளிக்கிழமை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். ஞாயிறு மாலை எல்லாரும் திரும்பும் நேரத்தில் ஜோகூர் பாருவில் மாட்டினால் அம்மா தாங்க மாட்டார். ஈப்போவில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வழியில் வாங்கியதற்கெல்லாம் ரசீதை ஒரு உறையில் போட்டு வைத்திருந்தேன். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஆளுக்கு 500 வெள்ளிப் பொருள் வரை வரி இல்லை, அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளிதான். சிகரெட்டுக்கு ஒரு குச்சிக்குக்கூடச் சலுகை கிடையாது. இதை ஓட்டுநரிடமும் பேசிவிடுங்கள். வண்டியில் எது இருந்தாலும் சோதனையில் நிற்பது எல்லாரும்தான்.

மாலை நாலே காலுக்கு எங்கள் புளோக். முக்காலி கடைசியாக ஒருமுறை இறங்கியது. அம்மா முறுக்கு டின் ஒன்றை அவர் கையில் வைத்து, “வீடு சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போட்டுருங்க தம்பி, இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது” என்றார். வெள்ளிக்கிழமை மாலை, காஸ்வே எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அம்மா இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு என் கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு நாற்பதுக்குத் திறந்த முறுக்கு டின்னோடு இரண்டு பிள்ளைகள் நிற்கும் படம் ஒன்று வந்தது, கீழே “வந்துட்டேன்மா” என்று.